படி, தீட்டு, பறை: சொல்விளையாட்டும் சாதியும்

 

அயோத்திதாசப் பண்டிதர் நினைவாகப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, அவருடைய பௌத்தம் பற்றியோ பத்திரிகை பற்றியோ பேசுவேன் என்று தோழர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது சொல்விளையாட்டு. காரணம் இருக்கிறது. பண்டிதரை வைத்து நடக்கும் சண்டையெல்லாம் கடைசியில் ஓரிடத்தில்தான் வந்து முட்டுகிறது. அவர் சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லும் முறை அது. இந்தியா என்ற பெயர் ஐம்புலனை வென்ற இந்திரராகிய புத்தரின் பெயரால் வந்தது என்றார். திருக்குறள் அல்ல, திரிபிடகத்தோடு உறவுடைய திரிக்குறள் என்றார். பொய்யை வெளியே பறைந்தவர்கள், அதனால்தான் பறையர் எனப்பட்டார்கள் என்றார். எதிர்ப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நம்மவர்களில் பலர் இதை அப்படியே மொழியியல் உண்மையாக மேடையில் சொல்லிவிட்டு, விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பண்டிதர் ஆடியது என்ன ஆட்டம்? அதற்குப் பதில் சொல்ல, தமிழில் சொல்லை வைத்து என்னென்ன ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

‘படி’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். படி என்றால் வாசி. படி என்றால் அளக்கும் பாத்திரம். பண்ணையில் நம் தாத்தா பாட்டிக்குக் கூலியை அதில்தான் அளந்தார்கள். படி என்றால் வாசற்படி; கூலி வாங்கப் போனவர்கள் அதில் ஏற முடியாது. ‘சொன்னபடி செய்’ என்னும்போது வருவதும் படிதான். ஒரே சொல்லுக்குள் கூலியும், தடையும், பள்ளிக்கூடமும், கீழ்ப்படிதலும் உட்கார்ந்திருக்கின்றன. அளந்த படிக்காகப் படியோரம் நின்றவர்கள், பிள்ளையைப் பார்த்து ‘படி’ என்றார்கள். இப்படி ஒரு சொல் முழுசாக நின்றபடியே பல பொருள் தந்தால் அதைச் செம்மொழிச் சிலேடை என்கிறது தண்டியலங்காரம். சொல்லை உடைத்தால் வேறு பொருள் வருமானால் அது பிரிமொழிச் சிலேடை. தாமரை என்பது பூ. தா மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். வேங்கை என்பது புலி, மரம். வேம் கை என்றால் வேகின்ற கை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணங்கள்தான். பிரிமொழி என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிதரிடம் போகும்போது அது தேவைப்படும்.

நம் புலவர்கள் இதில் எவ்வளவோ தூரம் போயிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் சிலேடை செய்தார். ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் தருவது மடக்கு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருப்பது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். விகடகவி, குடகு, மேளதாளமே என்று நம் வாய்ப்பேச்சிலேயே மாலைமாற்றுச் சொற்கள் உண்டு. இன்னும் தேர் வடிவில், பாம்பு வடிவில் எழுத்தை அடுக்கும் சித்திரகவிகளும் இருக்கின்றன. திறமை இல்லாமல் இதெல்லாம் முடியாது. ஆனால் இந்த வகைகளில் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. சபையில் பரிசு வாங்கியவர்களின் ஆட்டம் இது. தோற்றால் பரிசு போகும், முதுகுத்தோல் போகாது.

நேராகப் பேசினால் அடி விழும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு இரட்டைப் பொருள் ஓர் ஒதுங்கிடம். இதுவும் இலக்கணத்துக்குத் தெரியாதது அல்ல. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் அங்கதத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. பிசி என்பது விடுகதை. அங்கதம் இரண்டு வகை: வெளிப்படையாக வைவது ஒன்று, சொல்லை மறைத்து வைவது இன்னொன்று. மறைத்து வைவதற்குப் பழிகரப்பு என்று பெயர். வெளிப்படையாக வைய யாரால் முடியும், யார் மறைத்துத்தான் வைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் சொல்லவில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பாருங்கள். மாதம் மும்மாரி பொழிகிறதா என்று ராஜா கேட்பார். எந்த மாரியைக் கேக்கறீங்க, ஏரிக்கரை மாரியா, மேட்டுத்தெரு மாரியா என்பது போல அவன் காதில் விழுந்ததைத் திருப்பிவிடுவான். சனம் சிரிக்கும். ராஜாவும் கோபப்பட முடியாது, ஏனென்றால் அவன் காது சரியில்லை! காது கேளாதவன் போல நடிப்பது அதிகாரத்தின் சொல்லைச் செல்லாக்காசாக்கும் வழி. ‘உத்தரவு சாமி’ என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி ஒரு கனைப்புக் கனைத்த நம் பாட்டன்களும் அந்தக் கட்டியங்காரனின் பங்காளிகள்தான்.

நன்னூல் இன்னொரு வாசலைத் திறக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொன்னார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக்கூடாததை வேறு சொல்லால் மூடுவது இடக்கரடக்கல். கெட்டதை நல்ல பெயரால் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. ஒரு கூட்டத்தார் பிறருக்குத் தெரியாமல் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் தருகிறார்கள். குடித்தால் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவான், ஆகையால் சொல்விளம்பி. நல்ல சொல்.

இந்த மூன்றையும் பாடப்புத்தகத்தோடு விட்டுவிடாதீர்கள். மங்கலத்தை எடுங்கள். சுடுகாட்டை நன்காடு என்று அழைத்ததால் அங்கே வெந்துகொண்டு நின்ற வெட்டியானின் வேலை மாறியதா? 1930களில் காந்தியார் ‘ஹரிஜன்’ என்ற பெயரைப் பரப்பினார். கடவுளின் மக்கள் என்று பொருள். இலக்கணப்படி அது மங்கலம். நிலைமையைத் தொடாமல் பெயரை மட்டும் தொடுவது. 1938இல் அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். ஒரு சொல்லுக்காக வெளிநடப்பா என்று அன்றும் கேட்டிருப்பார்கள். பெயர் வைப்பது சட்டமாக இருந்த நாடு இது. மனுதர்ம சாத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் பிராமணன் பெயர் மங்கலமாக இருக்க வேண்டும், சூத்திரன் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று விதி செய்கிறது. பெயரில் இழிவைக் கட்டாயமாக்கியவர்களிடமிருந்து, பெயரில் மட்டும் புகழை வாங்கிக்கொள்ள அம்பேத்கர் தயாராக இல்லை.

‘காலனி’யின் கதையும் இதே தான். லத்தீனில் உழவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தில் குடியேற்றமாகி, நம் அரசாங்கக் காகிதத்தில் வீட்டுமனையாகி, கடைசியில் ஊர்க்காரர் வாயில் வசையாக முடிந்தது. ‘ஊரா, காலனியா?’ என்று கேட்டால் முகவரி கேட்பதாக யாரும் நினைப்பதில்லை. ஒரு சுழி மாறினால் காலணி. அதுவும் நம் உடம்பில் இருக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட பொருள். சேரி என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. பழைய இலக்கியத்தில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் எந்தத் தெருவுக்கும் பெயர். பார்ப்பனச் சேரியும் இருந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. வரவேற்கலாம். அதே நேரம், அங்கே வைக்கும் புதுப்பெயர் எத்தனை ஆண்டில் வசையாகும் என்று பார்க்கவும் தயாராக இருக்க வேண்டும். சொல்லில் ஒட்டியிருக்கும் அழுக்கு சொல்லிலிருந்து வந்தது அல்ல.

குழூஉக்குறியை ஆதிக்கத்தில் இருப்பவர்களும் வைத்திருக்கிறார்கள். சிப்காட்டில் வேலை கிடைத்து ஓசூரில் அறை தேடி அலைந்த பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘நீங்க வெஜ்ஜா?’ என்ற கேள்வியில் கத்தரிக்காய் பற்றிய அக்கறை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ‘சொந்த ஊர் எது’, ‘அங்க எந்தப் பக்கம்’, ‘குலதெய்வம் எது’ என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகும். சாதியைக் கேட்காமலே சாதியைக் கேட்கும் கலையில் நம் நாட்டில் பெரும் புலவர்கள் இருக்கிறார்கள். பொற்கொல்லரின் ‘பறி’ அவர் தொழிலைக் காத்தது. வீட்டுக்காரரின் ‘வெஜ்’ அவரைச் சட்டத்திலிருந்து காக்கிறது.

இனி நம் எல்லைப்பகுதிக்கு வருகிறேன். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே பேருந்தில் நிற்கும் இடம் இது. இரண்டு மொழி உரசும் இடத்தில் சிலேடை தானாக முளைக்கும். தெலுங்கில் ‘செப்பு’ என்றால் சொல். அதே செப்பு என்றால் செருப்பு. இந்த மாவட்டங்களில் தோலை உழைத்துச் செருப்பாக்கிய அருந்ததிய மக்கள் பலரின் வீட்டுமொழி தெலுங்கு. அவர்கள் செய்த செருப்பை அவர்களே போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாது. அந்தத் தெருவில் குரல் எழுப்பவும் முடியாது. இரண்டு தடைக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்.

இந்த ஊர்ப் பெயரையே எடுங்கள். கல்லாவி. கல் ஆவி என்று பிரித்தால் சித்திரை வெயிலில் பாறையிலிருந்து எழும் அனல். முன்பாதி ‘கல்லா’ என்றால் கல்லாதவர், கடைக்காரரின் பணப்பெட்டியும் கல்லாதான். படிக்காதவரின் பணம் போய் விழும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். கன்னடக் காதுக்குக் கல்லு பாவி என்று கேட்கும். கல் கிணறு. அங்கே பாவி கிணறு, இங்கே பாவி வசை. கிணற்றைத் தொட்டால் பாவி என்று கேட்ட சனத்துக்கு இந்த இருமொழிச் சிலேடையை விளக்க வேண்டியதில்லை. இவற்றில் எதையும் இந்த ஊர்ப் பெயரின் வரலாறாக நான் சொல்லவில்லை, கவனியுங்கள். விளையாட்டு வேறு, சொற்பிறப்பு வேறு.

சொற்பிறப்புக்கு விதி உண்டு. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும்: பால், ஹாலு, புலி, ஹுலி, பள்ளி, ஹள்ளி. ஓசூரைக் கன்னடத்தில் பிரித்தால் ஹொச ஊரு, புதிய ஊர். நம்ம ஊர்ப்பக்கப் புதூர்தான் அது. 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியதிலிருந்து இப்படிப்பட்ட ஒழுங்குகளை வைத்துத்தான் சொல்லின் உறவைத் தீர்மானிக்கிறார்கள். ஒலி ஒத்திருக்கிறது என்பதால் மட்டும் இரண்டு சொல்லை உறவாக்க முடியாது. இந்த அளவுகோலை வைத்தால் பண்டிதரின் பல விளக்கங்கள் நிற்காது. இந்தியா என்ற பெயர் சிந்து நதியின் பெயரிலிருந்து பாரசீகர், கிரேக்கர் வாய்வழி வந்தது. இதை நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். அதனால் பண்டிதருக்கு எந்தக் குறையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பண்டிதர் பௌத்தர். 1845இல் பிறந்து, சித்த மருத்துவமும் ஓலைச்சுவடியும் கற்று, 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். பௌத்த நூல்களில் தீக நிகாயத்தில் அக்கஞ்ஞ சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. உலகமும் வருணமும் எப்படி வந்தன என்று புத்தர் அதில் சொல்கிறார். கேட்பவர்கள் பிராமணக் குலத்தில் பிறந்து துறவறத்துக்கு வந்த இருவர். பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தோம் என்று சொல்லும் தங்கள் குலத்தார் இவர்களை ஏசுகிறார்கள். அப்போது புத்தர் பெயர்களைப் பிரிக்கத் தொடங்குகிறார். வேதம் ஓதுகிறவர்களுக்குப் பாலியில் ‘அஜ்ஜாயகர்’ என்று பெயர். மரியாதையான பெயர். காட்டில் தியானம் செய்ய முடியாமல் ஊரோரம் வந்து உட்கார்ந்து நூல் செய்யத் தொடங்கியவர்களை மக்கள் ‘அ-ஜாயகர்’, அதாவது தியானம் செய்யாதவர் என்றார்கள்; அதுவே அஜ்ஜாயகர் ஆயிற்று என்கிறார். ஆரம்பத்தில் அது இழிபெயர், இப்போது அதை உயர்வென்று நினைக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இது சரியான சொற்பிறப்பு அல்ல. கேட்ட இருவருக்கும் அது தெரியும், அவர்கள் வேதம் படித்தவர்கள். இது பிரிமொழிச் சிலேடை. ‘உன் பெருமையெல்லாம் ஒரு பெயரில் இருக்கிறது, அந்தப் பெயரை நான் வேறு இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் பார்’ என்ற அங்கதம். பாலி அறிஞர் ரிச்சர்டு கோம்பிரிச் இந்தச் சுத்தத்தை நையாண்டியாகப் படிக்க வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இப்போது பண்டிதரிடம் வாருங்கள். 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழ் வெளிவருகிறது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. பத்திரிகையின் விலை ஒரு பைசா. தமிழன் விலையும் ஒரு பைசாவா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பெயரே செம்மொழிச் சிலேடையாக நிற்கிறது. அடுத்த ஆண்டு பைசா போய்த் ‘தமிழன்’ ஆனது. அந்தப் பத்திரிகையில் அவர் பிராமணர் என்ற சொல்லை வைக்கவில்லை, எடுத்து எறியவும் இல்லை. இரண்டாக வகுத்தார். யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர். ஞானத்தால் அந்தப் பெயருக்கு உரியவர்கள் ஒரு பக்கம், வேடம் போட்டவர்கள் இன்னொரு பக்கம். சொல்லின் மதிப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆளிடமிருந்து அதைக் கழற்றிவிட்டார். புத்தர் அஜ்ஜாயகரை வெட்டிய அதே கத்தி இது. பறையர் என்ற பெயரை அவர் திறந்ததும் அப்படித்தான். பறை என்றால் தோற்கருவி என்று ஊர் சொல்லும். பறை என்றால் சொல் என்பதும் பழந்தமிழ். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் பறயுக என்கிறார்கள். அடிக்கும் ஆள் என்று கேட்ட இடத்தில் பேசும் ஆள் என்று கேட்க வைத்தார்.

ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசையைக் கொடியாக்குவது அவர் வழி. பண்டிதர் அதை ஏற்காமல், பிறர் சுமத்திய பெயர் என்று மறுத்து, பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்றார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் முயன்று 1922இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயரைக் கொண்டுவந்தார். மூன்று பேர், ஒரே பெயரை வைத்து மூன்று ஆட்டம். இவர்களில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெயரை யாரும் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் நான் காண்பது.

மாணவர்களுக்கு ஒன்று. விவாதத்தில் யாராவது ‘இந்திரம் இந்தியா ஆகாது, உங்கள் பண்டிதருக்கு மொழியியல் தெரியாது’ என்றால், ஆகாதுதான் என்று சொல்லுங்கள். பிறகு அவரிடம் புலையர் என்ற பெயருக்கு மூலம் கேளுங்கள். புலை என்ற தீட்டிலிருந்து வந்தது என்பார். கன்னடத்தில் ஹொலெய என்பதை ஹொலெ, தீட்டு என்று விளக்குவார்கள். ஆனால் கன்னடத்தில் ஹொல என்றால் வயல். தமிழில் புலம் என்றாலும் வயல்தான். பகரம் ஹகரமாகும் அதே விதிப்படி இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. வயலில் உழைத்தவன் என்று விளக்கம் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அகராதி எழுத உட்கார்ந்தவர்கள் பலருக்கு வயலுக்கு முன் தீட்டு நினைவுக்கு வந்தது ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் பண்டிதர்.

தீட்டு என்ற சொல்லையும் சும்மா விட வேண்டாம். கத்தியைத் தீட்டலாம், அரிசியைத் தீட்டலாம், ஓவியம் தீட்டலாம், எழுதுவதையும் தீட்டுவது என்று சொல்வதுண்டு. பேரணாம்பட்டு அழகிய பெரியவன் தன் கதைத் தொகுப்புக்கு இந்தப் பெயரை வைத்தார். பாமா 1992இல் ‘கருக்கு’ என்று பெயர் வைத்தார். பனைமட்டையின் இரு பக்கமும் அறுக்கும் பல், கூடவே கரு என்ற உயிரின் தொடக்கமும் அதற்குள். தலித் இலக்கியத்தின் தலைப்புகளை ஒருமுறை வரிசையாக எழுதிப் பாருங்கள். காளமேகம் பாம்பையும் பழத்தையும் ஒன்றாக்கியது போல, காயத்தையும் கருவியையும் ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு அவருடைய பத்திரிகையை 1926இல் மீண்டும் உயிர்ப்பித்தவர்கள் பக்கத்துக் கோலார் தங்கவயல்காரர்கள். சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்துகளை நூல்களாகப் போட்டது. வடாற்காட்டிலிருந்தும் இந்தப் பக்கங்களிலிருந்தும் சுரங்கத்துக்குப் போன சனம்தான் அதற்குக் காசு கொடுத்தது. பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் அந்தச் சொல் ஆராய்ச்சியை வாங்கிப் படித்தார்கள் என்பதை யோசியுங்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் பதிப்பித்த தொகுப்பு வந்த பிறகுதான் கல்லூரிகள் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தன.

உங்களிடம் நான் கேட்பது ஒரு வேலை. நம் வட்டாரத்தில் குழூஉக்குறிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கல்லுடைக்கும் குவாரியில், செங்கல் சூளையில், பறைமேளக் குழுக்களில், சிப்காட் கேண்டீனில், விடுதியில். ஒரு நோட்டு வாங்கி எழுதுங்கள். சொல் என்ன, வெளிப்பொருள் என்ன, உள்பொருள் என்ன, யார் முன்னால் சொல்வார்கள், யார் வந்தால் நிறுத்துவார்கள். கடைசி இரண்டையும் மறக்காமல் எழுத வேண்டும். அகராதியில் அவை இருக்காது. பாட்டிகளிடம் விடுகதை கேளுங்கள், விடையையும் கேளுங்கள், ஊரார் முன் சொல்லும் விடையும் வீட்டுக்குள் சொல்லும் விடையும் ஒன்றுதானா என்றும் கேளுங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் தடவை போனால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, மூன்று நாலு சந்தை போய்வர வேண்டியிருக்கும்.